எட்டு மணி என்றால் எட்டு மணி

எங்கள் வீட்டு பேஸ்மென்றில் இப்போது கவிதா என்றொரு பெண் குடியிருக்கிறாள். கோயம்புத்தூர்க்காரி. கணினி வேலைக்காகக் கனடாவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மழையும் பனியும் ஒன்றாகக் கொட்டிய மாலையில், நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் மேலே ஏறி வந்து, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்றாள். கையில் தொலைபேசி.

"அங்கிள், டவுன்டவுன்ல பாக்க வேண்டியதெல்லாம் ஒரு லிஸ்ட் எடுத்திருக்கேன். மியூசியம், ஆர்ட் கேலரி, நாடகம், அப்புறம் நைட் லைஃப். நீங்க முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்களே, எது நல்லாருக்கும்னு சொல்லுங்க."

"பிள்ளை, உதெல்லாம் ஆரிட்டக் கேக்கிறாய்?" என்றேன்.

சும்மா அடக்கத்துக்குச் சொல்லவில்லை. நகரத்தின் ஓரத்தில் எங்கள் சனம் நிறைந்த இந்த ஸ்காபரோவில் எந்த மண்டபத்தின் அவசரக் கதவு எந்தப் பக்கம், எந்தப் பள்ளிக்கூட மேடையின் திரை பாதியில் சிக்கிக்கொள்ளும், எந்த இடத்தில் ஒலிவாங்கி ஊளையிடும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்குத் தெரிந்த கலையும் இரவு வாழ்க்கையும் அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிந்தபின் கார் நிறுத்துமிடத்தில் நின்று ஆறிப்போன ரோல்ஸ் தின்றதையும் சேர்த்துக்கொண்டால் கொஞ்சம் கூடலாம். அருங்காட்சியகத்துக்குள் இந்த முப்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வரும்.

கவிதா பட்டியலை வாசித்துக்கொண்டே போனாள். அவளுடைய கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பழைய உடுப்புக் கடையில் வாங்கிய கம்பளிக் கோட். 'வின்டேஜ்' என்று பெருமையாகச் சொல்லியிருந்தாள். நாங்கள் வந்த புதிதில் எங்கள் எல்லோருக்கும் அந்த வின்டேஜ்தான் கதி. நனைந்த கம்பளிக்கு ஒரு மணம் உண்டு. நல்ல மணம் என்று சொல்ல முடியாது. நெடுநாள் திறக்காத அலுமாரியைத் திறந்தால் வருமே, அதுதான், கொஞ்சம் ஈரத்தோடு. இப்போது எல்லோரும் நைலோன் ஜாக்கெற்றோடு திரிவதால் அந்த மணம் ஊரைவிட்டே போய்விட்டது. அன்றைக்கு அது என் குசினிக்குள் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவள் ஒரு தெருவின் பெயரைச் சொன்னாள். அங்கே ஏதோ படக் கண்காட்சியாம்.

"அந்தத் தெருவில ஒரு சின்ன நாடக அரங்கு இருந்தது" என்றேன்.

"இப்ப இல்லையா?"

"இல்லை."

அவள் பட்டியலோடு கீழே போய்விட்டாள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஸ்காபரோவில் நாடகம் போட்டோம். பள்ளிக்கூட மண்டபம், கோயில் மண்டபம், ஒரு தடவை விளையாட்டுச் சாமான் களஞ்சியம் என்று எது கிடைக்கிறதோ அதில். எனக்கு நடிக்க வராது. ஒரே ஒரு தடவை காவலாளி வேஷம் போட்டு, "மன்னா, தூதுவன் வந்திருக்கிறான்" என்பதற்குப் பதிலாக, "தூதுவா, மன்னன் வந்திருக்கிறான்" என்று சொல்லி, ராசா இறங்கிப் போகவேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு நோட்டீஸ் அடிக்கிற வேலை தந்தார்கள். நோட்டீசில் நேரம் போடுவது நான்தான்.

அது சின்ன வேலை இல்லை. எங்கள் சனம் ஆறு மணி என்று போட்டால் ஏழரைக்கு வரும். ஆகவே ஏழரைக்குத் தொடங்க நினைத்தால் ஆறு என்று போடவேண்டும். இரண்டு நாடகத்தில் அதைச் சனம் கண்டுபிடித்துவிட்டது. எட்டரைக்கு வரத் தொடங்கியது. நான் ஐந்து என்று போட்டேன். அவர்கள் ஒன்பதாக்கினார்கள். நான் 'சரியாக' என்ற சொல்லைச் சேர்த்தேன். பிறகு 'மிகச் சரியாக'. கடைசியில் ஒரு ஆடி மாதம், இருட்டியபிறகு தொடங்கவேண்டிய நாடகத்துக்குப் 'பிற்பகல் மிகச் சரியாக மூன்று மணி' என்று நோட்டீஸ் அடித்தவன் நான். மண்டபம் தந்த பள்ளிக்கூடத்தின் அதிபர், பாவம், வெள்ளைக்கார மனிதர், மனைவியையும் கூட்டிக்கொண்டு மூன்று மணிக்கே வந்துவிட்டார். வெறும் மண்டபத்தில் இரண்டு பேரும் முன் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். தேத்தண்ணீரும் ரோல்ஸும் கொடுத்துக் கொடுத்து ஒன்பது மணிவரை சமாளித்தோம். அன்று இரவு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சிரிக்காதவன் தேவன் ஒருத்தன்தான். எங்கள் நாடகங்களின் கதாநாயகன் அவன். உயரமான ஆள், அதைவிட உயரமான குரல். அவனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. நோட்டீசில் என்ன நேரம் போட்டிருக்கிறதோ அந்த நேரத்துக்கு வேஷம் கட்டி, பொட்டு வைத்து, திரைக்குப் பின்னால் தயாராக நிற்பான். சனம் வரும்வரை இரண்டு மணி, மூன்று மணி நேரம் அப்படியே நிற்பான். உட்கார்ந்தால் வேட்டி கசங்கிவிடுமாம்.

"ஏன் மச்சான் உப்பிடி நிண்டு சாகிறாய்? ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு தெரியும்தானே?" என்று கேட்பேன்.

"ஒருத்தன் வந்திட்டா?" என்பான்.

நானும் அவனும் ஒரே அடுக்குமாடியில் இருந்தோம். நான் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. அங்கே ஒரு நிமிடம் பிந்தி நேர அட்டை அடித்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்து இருமுவான். அந்த இருமலுக்குப் பயந்து பனிப்புயலிலும் பத்து நிமிடம் முந்திப் போவேன். வேலைக்கு ஒரு நேரம், கலைக்கு ஒரு நேரம் என்று மூளை தானாகவே இரண்டாகப் பிரிந்திருந்தது. தேவனுக்கு நகரத்தின் நடுவிலுள்ள பெரிய அருங்காட்சியகத்தில் காவலாளி வேலை. நீலக் கோட், நீலக் காற்சட்டை, நெஞ்சில் பெயரட்டை. நாள் முழுக்க ஒரு மண்டபத்தில் நிற்கவேண்டும். நிற்பதில்தான் அவன் கெட்டிக்காரன் ஆயிற்றே.

ஒரு ஞாயிறு அவன் சொல்லித்தான் அங்கே போனேன். சிலைகள் நிற்கிற மண்டபத்து மூலையில் அவன் நின்றான். நான் பல்லைக் காட்டினேன். அவன் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு கற்சிலையின் முழங்காலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி கையை நீட்டினேன். "சேர், ப்ளீஸ் டோன்ற் ரச்" என்றது தேவனின் மேடைக் குரல். மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் கையை இழுத்துக்கொண்டு டைனோசர் எலும்புகளின் பக்கம் ஓடிப்போனேன். அன்று மாலை பஸ்ஸில் வரும்போது ஸ்காபரோ வரும்வரை சிரித்தான். "உனக்கு எண்டு வேற சட்டம் இல்லை மச்சான்" என்றான். அதுதான் நான் அருங்காட்சியகம் பார்த்த கதை.

அந்த மண்டபத்துக்கு ஒரு பெண் அடிக்கடி வந்து சிலைகளைப் பார்த்துப் படம் கீறிக்கொண்டிருப்பாளாம். நாடகம் போடுகிறவள். ஒரு நாள் சிலையை விட்டுவிட்டுத் தேவனைக் கீறியிருக்கிறாள். பிறகு பேச்சுக் கொடுத்து, அவன் நடிகன் என்று அறிந்து, தன்னுடைய அடுத்த நாடகத்தில் நடிக்கிறாயா என்று கேட்டாளாம். அருங்காட்சியகத்தில் நடக்கிற கதை. அவனுக்கு அதில் காவலாளி வேஷம்.

"கனடாவுக்கு வந்தும் காவல்காரன், நாடகத்திலயும் காவல்காரனோ? வேஷம் போடவே தேவையில்லை, வேலையால நேர போகலாம்" என்று நக்கலடித்தேன்.

அவன் கோபிக்கவில்லை. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "நீ உன்ரபாட்டில சிரி. அதில ஒரு இடத்தில, எல்லாரும் போனாப்பிறகு, காவல்காரன் சிலையளோட தன்ர பாசையில கதைக்கிறான். ஐஞ்சு நிமிசம் மச்சான். முழுக்கத் தமிழ். என்ன கதைக்கிறதெண்டு அந்த நாடக மனுசி என்னட்டையே விட்டிட்டுது."

"என்ன கதைக்கப் போறாய்?"

"வந்து கேள்."

ரதிக்கும் அவன் அதைச் சொல்லவில்லை. ரதி அவனுடைய மனைவி. ஊரிலிருந்து அவனிடம் வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நாடகம் மூன்று நாள். வியாழனும் வெள்ளியும் எனக்கு மாலை வேலை. ரதிக்குத் தனியாக பஸ், ரெயின் மாறிப் போகத் தெரியாது. கடைசி நாளான சனிக்கிழமைக்கு இரண்டு ரிக்கெற் தந்தான். முன் வரிசை, நடுவில். அரங்கிலிருந்து நடிகர்களுக்குக் கொடுத்ததாம்.

"அங்க இருக்கிறவை எல்லாம் வெள்ளைக்காரர். தமிழ் விளங்கிற ஆக்கள் நீங்கள் ரெண்டு பேரும்தான். எட்டு மணி எண்டா எட்டு மணி. விளங்குதோ?"

விளங்கியது என்றேன். அந்த வசனத்தை நானே எத்தனை பேருக்கு, அதே முகத்தோடு, அதே குரலில் சொல்லியிருக்கிறேன்! நோட்டீஸ் கொடுக்கும்போதெல்லாம் சொல்வதுதான். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது வணக்கம் சொல்வதுபோல ஒரு மரியாதை, அவ்வளவுதான். ரிக்கெற்றில் எட்டு என்று பார்த்ததும் என் மனம் ஒன்பது என்று எழுதிக்கொண்டது. வெள்ளைக்காரர் ஆச்சே என்று ஒரு அரை மணியைக் கழித்து எட்டரை ஆக்கினேன். அதுவே பெரிய தாராளம் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமையும் மழையும் பனியுமாகத்தான் இருந்தது. நான் ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒரு பிளாசாவுக்குப் போனேன், பொன்னாடை வாங்க. நாடகம் முடிந்ததும் மேடையில் ஏறித் தேவனுக்குப் போர்த்தவேண்டும் என்பது என் திட்டம். மரூன் நிறமா, பச்சையா என்று கடைக்காரரோடு நின்று வாதாடினேன். பிறகு தேத்தண்ணீர் குடித்தேன். ரதியைக் கூப்பிடப் போனபோது ஏழரை. கதவைத் திறந்தாள். நீலப் பட்டுச் சேலைக்குமேல் கம்பளிக் கோட்டும் போட்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு நின்றாள். ஐந்தரைக்கே உடுத்து வெளிக்கிட்டுவிட்டாளாம்.

"அண்ணை, நேரம் காணுமோ? எட்டு மணிக்கெண்டெல்லோ சொன்னவர்" என்றாள்.

"எட்டெண்டா எட்டோ? சனம் வந்து இருக்கவே எட்டரை ஆகும். நீர் இன்னும் கனடாவைப் பழகேல்லை" என்றேன்.

என் வாயை அந்த இடத்தில் யாராவது பொத்தியிருக்கலாம். பார்க்வே நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. நகரத்துக்குள் நுழைந்ததும் ரதி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தாள். நடன விடுதி ஒன்றின் வாசலில், அந்தக் குளிரில், கோட்டே இல்லாமல் இளம்பெண்கள் வரிசையில் நின்றார்கள். "ஐயோ, உவையளுக்குக் குளிராதே?" என்றாள். நான் ஊர் காட்டுகிற பெருமையில் காரை இன்னும் மெதுவாக ஓட்டினேன். நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்றுச் சுற்றினேன். உள்ளே போனபோது எட்டு இருபத்தைந்து.

வாசல் மண்டபத்தில் ஒருத்தரும் இல்லை. வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி வைக்கிற கோட் அறை மட்டும் நிறைந்திருந்தது. நூறு கோட்டுகள் நனைந்து தொங்கின. கவிதா என் குசினிக்குக் கொண்டுவந்தது அந்த மணத்தைத்தான். கோட்டுகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன என்பதன் கருத்து எனக்கு உடனே விளங்கவில்லை. சனத்தைக் காணோமே என்று சந்தோசப்பட்டேன்.

கதவடியில் நின்ற பெண் ரிக்கெற்றைப் பார்த்தாள். நாடகம் தொடங்கிவிட்டது, இடைவேளைக்குத்தான் உள்ளே விடமுடியும் என்றாள். உள்ளே நடிக்கிறவர் இவருடைய கணவர் என்று ரதியைக் காட்டினேன். அந்தப் பெண்ணின் முகம் வாடியது. ஆனாலும் கதவு திறக்கவில்லை. "இன்றைக்கு வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் பிந்தித்தான் தொடங்கினோம். அப்படியும் உங்களுக்கு முடியாமல் போய்விட்டதே" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் ரதியிடம் திரும்பி, "பாத்தீரோ, உவங்களும் பிந்தித்தான் துவங்கியிருக்கிறாங்கள். நான் சொன்னனானெல்லோ" என்றேன். இப்போது அதை நினைக்கையில் உடம்பு கூசுகிறது.

சுவரில் ஒரு சின்னத் தொலைக்காட்சி இருந்தது. உள்ளே மேடையில் நடப்பது அதில் தெரியும், சத்தம் வராது. கறுப்பு வெள்ளையில், மங்கலாக, ஒரு பெருவிரல் அளவுக்குத் தேவன் தெரிந்தான். தனியாக நின்றான். கையை உயர்த்தினான். குனிந்தான். வாய் அசைகிறதா என்றுகூடத் தெரியவில்லை. ரதி திரைக்குக் கிட்டப் போய், மூக்கு முட்டுகிற மாதிரி நின்று பார்த்தாள்.

"தமிழ்தான் கதைக்கிறார் போல, அண்ணை."

நான் கதவில் காதை வைத்தேன். தடித்த கதவு. ஒரு ஆண் குரல் எழுந்து விழுவது மட்டும் கேட்டது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அந்தப் பெண் என் முழங்கையைத் தொட்டு மெல்ல அப்பால் நகர்த்தினாள். திரையில் தேவன் நடந்து ஓரத்துக்குப் போனான். பிறகு காணவில்லை.

இடைவேளையில் உள்ளே விட்டார்கள். முன் வரிசையில் நடுவில் எங்கள் இரண்டு கதிரைகள். இரண்டாம் பாதி முழுவதும் ரதி கதிரையின் நுனியில் இருந்தாள். கதவு திறக்கிற காட்சி வரும்போதெல்லாம் நான் அவளுடைய காதில், "இப்ப வருவார்" என்றேன். அவன் வரவில்லை. அவனுடைய பகுதி முதல் பாதியோடு முடிந்துவிட்டது. கடைசியில் எல்லோரும் கைகோத்து வணங்கியபோதுதான் வந்தான். நீலக் கோட்டோடு, வரிசையின் ஓரத்தில் நின்று, எங்களைப் பார்த்துச் சிரித்தான். பொன்னாடைப் பை என் காலடியில் கிடந்தது. எனக்கு எழும்ப முடியவில்லை.

வெளியே வருமுன் ரதியிடம், "முழுக்கப் பாத்தம் எண்டே சொல்லுவம். பாவம், மனம் நோகும்" என்றேன். அவள் கோட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பெருவிரல் அளவுக்கென்றாலும் பார்த்தோம்தானே, முழுப் பொய் இல்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

காரில் தேவன் முன்னால் இருந்தான். கன்னத்தில் மேக்கப் சரியாக அழியவில்லை.

"எப்பிடி?"

"அந்தமாதிரி மச்சான். திறம்."

"நான் கதைச்சது விளங்கினதோ?"

"விளங்காமல்? ரதி அழுதிட்டா" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. பொய்க்குப் பொட்டும் வைத்து அனுப்பினேன். பின்னால் ரதி அசையவில்லை. தேவன் "ம்" என்றான். பிறகு வைப்பர் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்காபரோ வரும்வரை நான்தான் கதைத்தேன்.

அதற்குப் பிறகு அவன் நகரத்து மேடையில் ஏறவில்லை. அந்தப் பெண் அடுத்த நாடகம் போட்டாள், இவனைக் கூப்பிடவில்லை. "ஏன் மச்சான்?" என்று கேட்டால், "அவைக்கு வேற ஆள் கிடைச்சிட்டுது" என்பான். எங்கள் நாடகங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஆட்களுக்குக் கலியாணம், வீட்டுக் கடன், இரண்டு வேலை. நான் அடுக்குமாடியை விட்டு அஜின்கோர்ட்டுக்கு வந்தேன். தேவனும் ரதியும் மோர்னிங்சைட்டுக்குப் போனார்கள். பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு என்று சந்திப்போம். நான் எங்கே பிந்திப் போனாலும் அவன் எனக்கு ஒரு கதிரை பிடித்து வைத்திருப்பான். ஒருபோதும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவன் எடுக்கவில்லை. அதனால் அவன் நம்பிவிட்டான் என்றே வைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பொன்னாடையை வேறு யாருக்கும் போர்த்த எனக்கு மனம் வரவில்லை. அலுமாரியின் மேல்தட்டில், பையோடு, வீடு மாறினபோதெல்லாம் கூடவே வந்தது.

இந்த வருடம் மாசி மாதம் தேவன் செத்துப்போனான். வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவன் நிமிரவில்லையாம். ஈமச்சடங்கு மண்டபத்தில் உடலைப் பார்வைக்கு வைப்பது மாலை ஐந்து மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். நான் நாலரைக்கே போய்ப் பூட்டிய வாசலில் நின்றேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்து சில நாட்களின் பின் பையை எடுத்துக்கொண்டு ரதியிடம் போனேன். அவள் தேத்தண்ணீர் வைத்தாள். நான் பொன்னாடையை எடுத்து மேசையில் வைத்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளிறியிருந்தது. என்ன, ஏது என்று சொன்னேன். பிறகு இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"நாங்கள் முதல் பாதி பாக்கேல்லை எண்டு நீர் அவனுக்குச் சொன்னனீரோ?"

"நான் சொல்லேல்லை, அண்ணை. அவருக்கு அண்டைக்கே தெரியும். மேடை வெளிச்சத்தில பின்னுக்கு ஒண்டும் தெரியாதாம். முன் வரிசை மட்டும் தெரியுமாம். ரெண்டு கதிரையும் சும்மா கிடந்ததாம்."

"பிறகேன் என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் தாங்கமாட்டியளாம்."

அவள் பொன்னாடையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். நான் எழும்பப் பார்த்தேன். "இன்னொண்டும் இருக்கு. கோவிக்கக் கூடாது. அண்டைக்கு எட்டு மணிக்கு இவர் அந்த நாடகம் போட்ட மனுசியிட்டப் போய்க் கெஞ்சினவராம், ஐஞ்சு நிமிசம் பொறுங்கோ, என்ர ஆக்கள் ஸ்காபரோவில இருந்து வருகினம் எண்டு. பொறுத்ததாம். திரும்பியும் போய் இன்னொரு ஐஞ்சு நிமிசம் கேட்டவராம். அதையும் பொறுத்ததாம். மூண்டாந்தரம் கேக்க, எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டுதாம். அதுதான் பிறகு கூப்பிடேல்லை."

பத்து நிமிடம். நான் வாசலில் நின்று வெற்றிபோலச் சொல்லிக்காட்டினேனே, அந்தப் பத்து நிமிடம். நோட்டீசில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடமும் பிந்தாதவன், என்னால் அந்தப் பத்து நிமிடத்தைப் பிச்சை கேட்டிருக்கிறான். ரதிக்கு முன்னாலேயே அழுதேன். வெட்கமாக இல்லை.

"என்ன கதைச்சவன் எண்டாவது உமக்குச் சொன்னவனோ?"

"எத்தினையோ தரம் கேட்டனான். எழுதி வைக்கேல்லையாம், மறந்துபோச்சாம் எண்டவர்" என்றாள். "மறந்தவரோ, சொல்ல விரும்பேல்லையோ, எனக்குத் தெரியாது அண்ணை."

தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன். பொன்னாடையை அவள் திருப்பித் தரவில்லை.

கவிதா விடவில்லை. பட்டியலில் இருந்த நாடகம் ஒன்றுக்கு இரண்டு ரிக்கெற் எடுத்துவிட்டாள். "தனியா போக போர் அடிக்குது, நீங்களும் வாங்க அங்கிள்" என்றாள். போன சனிக்கிழமை நான் நாலு மணிக்கே கோட் போட்டுக்கொண்டு அவளுடைய கதவைத் தட்டினேன்.

"அங்கிள், எட்டு மணிக்குத்தானே?"

"எட்டு மணி எண்டா எட்டு மணி, பிள்ளை" என்றேன்.

நேரம் நிறைய இருந்ததால் பழைய தெரு வழியாக நடந்து போனோம். அரங்கு இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று மழைக்குள் ஏறிப்போகிறது. மேல் மாடிகள் தெரியவில்லை. கீழே நாய்களைக் குளிப்பாட்டுகிற கடை. கோட் அறை இருந்தது எந்தப் பக்கம், அந்தக் கதவு எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்த்தேன். பிடிபடவில்லை. கவிதா குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள், நல்ல பிள்ளை.

நாடகம் நடந்த இடத்தில் கோட்டுகளைக்கூட யாரும் வாங்கி வைப்பதில்லை. ஏழு மணிக்கே நாங்கள் கதிரையில் இருந்தோம். மண்டபம் மெல்ல நிரம்பியது. எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பார்த்தேன், எங்களுக்கு முன்னால், முதல் வரிசையில், நடுவில் இரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன. நான் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "என்ன அங்கிள், யாராவது தெரிஞ்சவங்க வர்றாங்களா?" என்றாள். இல்லை என்றேன். யாரோ இரண்டு பேர் இந்த மழைக்குள் எங்கேயோ வந்துகொண்டிருக்கவேண்டும்.

எட்டு மணிக்குச் சரியாக விளக்குகள் அணைந்தன. கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஐந்து நிமிடம் பொறுங்கோ என்று கெஞ்சுவதற்கு அந்தத் திரைக்குப் பின்னால் ஆள் இல்லை.